இருளாண்டி பேரில் ஒரு பாஸ்

மலாயாவில் ஜாசின் பட்டணத்தில் கமலவேணியைக் கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவள் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் நிறையப் பேர். பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட வரிசையில் கடைசிக் கடை அவளுடையது. முன்பக்கம் இஸ்திரிப் பெட்டி போடும் மேசை, பின்பக்கம் தொட்டியும் கொடிக்கயிறும். அவள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பின்பக்கம்தான். முன்னால் யாராவது வந்து குரல் கொடுத்தால் ராமாத்தாள் பதில் சொல்வாள். ராமாத்தாள் பெட்டி போடுகிறவள். கமலவேணியைவிடப் பத்து வயது மூத்தவள். இஸ்திரிப் பெட்டிக்கும் அவள் வாய்க்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆளைப் பார்க்காவிட்டால் என்ன, ஆளைப் பற்றிக் கமலவேணிக்குத் தெரியாதது கிடையாது. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் அவள் ஒரு குறி போட்டிருந்தாள். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்தக் கறுப்புச் சாற்றைக் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவிவிட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது. இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் கம்பிப்பால ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி. சூலம் என்றால் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர். பிறைக்குள் ஒரு புள்ளி, பள்ளிக்கூடத்து டீச்சர் ஜெயமணி.

“டிரெஸருக்கு இந்த மாசம் உடம்பு எளைச்சுப் போச்சு. இடுப்புல ஊக்கு குத்தியிருக்காரு பாரு” என்பாள். “கிராணி பேனாவை மூடாமலே பையில சொருகுறாரு. யாராச்சும் சொன்னாத்தானே தெரியும்?”

“பார்க்காத ஆம்பளைக்கெல்லாம் இவ்வளவு கவலைப்படுறியே வேணி” என்று ராமாத்தாள் சிரிப்பாள். “பார்த்துத் தொலைச்சா என்ன ஆவியோ!”

கமலவேணி பிறந்தது பெம்பான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். பதினேழு வயதில் ஜாசினில் டோபிக் கடை வைத்திருந்த சாமிநாதனைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் சாமிநாதனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்ல வந்தவன் இருளாண்டி. அங்கே அவரோடு ஒரே கொட்டகையில் கிடந்தவன். எலும்பும் தோலுமாய் வந்து நின்று விஷயத்தைச் சொன்னான், போட்ட சோற்றைச் சாப்பிட்டான், மூலையில் கிடந்த மூட்டையைத் தூக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். மறுநாள் சாமிநாதனின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்த் துணி வாங்கி வந்தான். அதற்கப்புறம் ஆறு வருஷமாக வாங்கி வருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன்தான்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களை அடக்க அரசாங்கம் அறிவித்த அவசர காலத்தில், அவர்களுக்கு அரிசியோ துணியோ போய்விடக் கூடாதென்று, தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. லயங்களையெல்லாம் ஒன்றாக நெருக்கி வைத்து, ஒரே ஒரு கேட் விட்டு, துப்பாக்கியோடு ஆள் போட்டார்கள். வெளியாள் உள்ளே போக வேண்டுமானால் பேரும் போட்டோவும் உள்ள பாஸ் வேண்டும் என்று ஆபீசிலிருந்து உத்தரவு. இருளாண்டி வந்து கேட்டான்.

“அக்கா, டோபிக்கு ஒரு பாஸ்தான் கொடுப்பாங்களாம். யாரு பேர்லன்னு கிராணி கேக்குறாரு.”

“உன் பேர்ல போடச் சொல்லு. நான் எங்க அங்க வரப் போறேன்? எனக்கு எதுக்கு போட்டோவெல்லாம், வெக்கக்கேடு!”

அவள் வாயாலே சொன்ன வார்த்தை அது. தொட்டியில் குனிந்தபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

அடுத்த வருஷம், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்திரண்டு, சித்திரை முடிந்த ஒரு சனிக்கிழமை. கம்பிப்பாலத் தோட்டத்துத் துணியெல்லாம் பெட்டி போட்டு அடுக்கியாகிவிட்டது. இருளாண்டி சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

“அக்கா, நான் தனியாப் போறேன்.”

“எங்க?”

“பெம்பான்ல ஒரு ரூம் பிடிச்சிருக்கேன். தொட்டி கட்டியாச்சு. இந்த மூட்டையைக் கடைசியாக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு…”

“அடுத்த மூட்டை?”

ராமாத்தாள் பெட்டியை ணங்கென்று கல்லில் வைத்தாள்.

“அடுத்த மூட்டை பெம்பானுக்குப் போகுமாம், வேணி. இதுகூடவா புரியல?”

கமலவேணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “இருளாண்டி, நீ தனியாப் போறது சரி. போக வேண்டிய வயசுதான். ஜாசின்ல எத்தனை வீடு இருக்கு, பெம்பான்ல எத்தனை இருக்கு. என் துணியை எதுக்குடா எடுக்குறே? கடையில முக்கால்வாசி அந்தத் தோட்டம்தானே? அது போனா ராமாத்தாளுக்கு நான் என்ன வேலை கொடுப்பேன்?”

“உங்க துணியா?” அவன் குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. “மழையில சைக்கிள் மிதிச்சவன் நான். ஜப்பான்காரன் போன சூட்டுல, யாரும் யாரையும் நம்பாத நேரத்துல, வீடு வீடா நின்னு கேட்டவன் நான். தோட்டத்துல யாருக்குக்கா உங்களைத் தெரியும்? ஒரு ஆளைச் சொல்லுங்க பார்ப்போம்.”

அவள் ஒரு ஆளைச் சொல்ல யோசித்தாள். வரவில்லை.

“மூட்டையை வச்சிட்டுப் போ” என்றாள். “இதை நான் கொண்டுபோய்க் கொடுத்துக்கிறேன்.”

“பாஸ் இல்லாம கேட்டுல விடமாட்டாங்க லா, அக்கா.”

“அது என் பாடு.”

அவன் போன பிறகு ராமாத்தாள் கரியை ஊதிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “ஒரே ஒரு வார்த்தை வேணி. ஸ்டேஷன்ல போய், இவன் காட்டுக்குள்ள இருக்கிறவனுங்களுக்குத் துணி கொண்டுபோறான்னு சொல்லு. போலீஸ்காரன் விசாரிக்கக்கூட மாட்டான். லாரியில ஏத்திடுவான்.”

அது நடக்கக் கூடிய காரியம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வருஷங்களில் ஒரு வார்த்தைக்கு அவ்வளவு எடை இருந்தது. பக்கத்துத் தெருவிலேயே அப்படிப் போனவன் உண்டு. கமலவேணி ஸ்டேஷன் இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததை ராமாத்தாள் கவனித்தாள்.

“என் புருசன் கடைசியா குடிச்ச தண்ணி அவன் கையால குடிச்சது” என்றாள் கமலவேணி. “அந்தப் பேச்சை இனிமே எடுக்காதே.”

ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். முக்கில் இறங்கிச் செம்மண் ரோட்டில் நடந்தாள். கேட்டில் தங்கையா என்கிற காவல்காரன் நின்றான். காக்கிச் சட்டை, தோளில் துப்பாக்கி, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பையன்.

“பாஸ் எங்க, அக்கா?”

“இல்ல தம்பி. நான் டோபிக் கடை. ஜாசின்.”

“டோபி இருளாண்டியண்ணனாச்சே. அவருக்குத்தானே பாஸ் இருக்கு.” சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்த்தான். மேலே இருந்த வெள்ளைக் கால்சட்டையை எடுத்து உதறினான். அடுத்து ஒரு சட்டை, அதையும் உதறினான். ராமாத்தாள் ஒரு மணி நேரம் நின்று மடித்ததெல்லாம் பெஞ்சில் குவியலாய் விழுந்தது.

“அடப்பாவி! என்ன செய்யிற?”

“ரூல் அக்கா. உள்ளே அரிசி வச்சுக் கடத்துனா?”

“சட்டைக் காலருக்குள்ள எத்தனை படி அரிசி போகும்? நீயே சொல்லு.”

தங்கையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உதறுவதை நிறுத்தவில்லை. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக அவள் கடைத் துணி அத்தனையும் இப்படிக் கசங்கித்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. இருளாண்டி ஒரு நாளும் சொல்லவில்லை. அவள் கேட்டதும் இல்லை.

அவள் அவனுடைய சட்டையைப் பார்த்தாள்.

“தம்பி, உன் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பாரு. ஏணி மாதிரி ஒரு குறி இருக்கும்.”

அவன் பட்டனைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். “ஆமா லா!”

“இடது தோள்ல துப்பாக்கி வார் உரசி நூல் விட்டிருந்துச்சு. உள்ளே துண்டு வச்சுத் தச்சது யாருன்னு நினைச்சே?”

“இருளாண்டியண்ணன் வீட்டு அக்கான்னு நினைச்சேன்.”

“அவனுக்குக் கல்யாணமே ஆகலடா!”

அந்தச் சத்தத்துக்கு இரண்டு மூன்று பேர் வேலிக்கு உள்பக்கம் வந்து நின்றார்கள். ஒருத்தர் சைக்கிளில் வந்து காலை ஊன்றினார். கமலவேணி அவரை அதுவரை பார்த்ததில்லை. கால்சட்டை இடுப்பில் ஊக்கு இருந்தது.

“டிரெஸர் ஐயாவா? உங்க மூணு கால்சட்டையும் இடுப்புல பிடிச்சுத் தச்சிருக்கேன். இனிமே ஊக்கு வேணாம், குத்திடும்.”

டிரெஸர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்ப் பெரிய கிராணியை அழைத்து வந்தார்.

கணேசமூர்த்தி கிராணி ஞாயிற்றுக்கிழமையிலும் கால்சட்டை போடுகிற மனிதர். பையில் நீல மை ஊறியிருந்தது. “நான் வருஷக்கணக்கா இருளாண்டிக்குத்தானே துணி போடுறேன். நீங்க யாரும்மா?” என்றார்.

ஆறு வருஷமாக வெளுத்தவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி. கமலவேணிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள், பாஸைத் தானே அவன் பேரில் போடச் சொன்னதையும் மறைக்காமல்.

கிராணி நிதானமாகக் கேட்டார். “இப்போ என்ன, அவன் பாஸை வாங்கிடவா?”

கேட்ட அந்த நிமிஷம் அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு டோபிக்காரி பேச்சில் ஒருத்தன் பாஸ் போகுமானால், நாளைக்கு இன்னொருத்தன் பேச்சில் தன்னுடையதும் போகும்.

“வேணாங்கய்யா. அவன் பாஸ் அவன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணு போடுங்க. யாருகிட்ட போடுறதுன்னு வீட்டுக்காரங்க முடிவு பண்ணட்டும்.”

“துரை கையெழுத்து வேணும், ஸ்டேஷன் சீல் வேணும், போட்டோ வேணும். நாலஞ்சு மாசம் இழுக்கும். அதுவரைக்கும் உள்ளே கால் வைக்க முடியாதும்மா.”

“வெளியே நிக்கலாமா?”

கிராணி தங்கையாவைப் பார்த்தார். தங்கையா கிராணியைப் பார்த்தான். “வெளியே ரோடு. ரோடு பொதுதானே” என்றார் கிராணி. அன்றைக்கு வேலியோரம் வந்தவர்கள் கையில் துணியைக் கொடுத்துவிட்டு, கிடைத்த அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு அவள் திரும்பினாள்.

திங்கட்கிழமை ராமாத்தாள் அவளுக்குத் தலை வாரிப் பூ வைத்து, ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “சிரிக்காதீங்க, பாசுக்கு” என்றான் போட்டோ எடுப்பவன். “அவளுக்கு அது தெரியாது, பயப்படாதே” என்றாள் ராமாத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமலவேணி மூட்டையோடு ஒரு மடக்கு மேசையையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரு டின் கரியையும் பஸ்ஸில் ஏற்றினாள். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். “யக்கா, பஸ்ஸைக் கொளுத்திடாதீங்க. இந்தக் காலத்துல கேஸு வேற மாதிரி ஆயிடும்!” காவல் கொட்டகையின் வெளிப்பக்கத்து நிழலில் மேசையைப் போட்டாள். தங்கையா துணியை உதற உதற, அவள் வாங்கி மறுபடியும் பெட்டி போட்டு மடித்து, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் கையில் சூட்டோடு கொடுத்தாள்.

முதல் வாரம் நாலு வீடுதான் வந்தது. மற்றதெல்லாம் இருளாண்டி சைக்கிளில், அவள் கண் முன்னாலேயே, கேட்டுக்குள் போனது. அவன் மணியடிக்காமல் போவான், அவளும் நிமிரமாட்டாள். இரண்டாம் வாரமும் நாலுதான். பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் கரிக்கே கட்டவில்லை. அவள் தூங்காமல் கிடந்த நாட்கள் உண்டு. மூன்றாம் வாரம் ஜெயமணி டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்து, தன் வெள்ளைச் சேலை கண்ணெதிரே மடிப்பு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு வருஷமா கசங்கித்தான் வந்துச்சு. இருளாண்டிகிட்டக் கேட்டா, கேட்டுல அப்படித்தான்னு சொல்லுவாரு. நீங்க ஏன் முன்னாலேயே வரல?”

“எனக்குத் தெரியாது டீச்சர். யாரும் சொல்லல.”

“நீங்க கேட்டிருக்கலாமே.”

அது டீச்சர் பேச்சு. கமலவேணிக்குச் சுருக்கென்றது, ஆனால் மறக்கவில்லை. டீச்சரையே சின்னச் சின்னச் சீட்டு எழுதித் தரச் சொன்னாள்: கமலவேணி டோபிக் கடை, ஜாசின். குறை இருந்தால் எனக்குச் சொல்லவும். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு சீட்டு போனது. திரும்பி வந்த சீட்டுகளில் பின்பக்கம் எழுத்து இருந்தது. ராமாத்தாள் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுவாள். ஒரு பட்டன் காணோம். நீலம் கொஞ்சம் அதிகம். பையன் சட்டைக்குக் கஞ்சி வேண்டாம், கழுத்தை அறுக்கிறதாம்.

நாலு எட்டாயிற்று, எட்டு பதினொன்றாயிற்று.

பெம்பானில் இருளாண்டி ஒற்றை ஆளாய்த் திணறினான் என்று கேள்விப்பட்டாள். மிதிக்கத் தெரிந்தவனுக்கு வெளுக்கத் தெரியவில்லை. அரிசி ரேஷனில் இருந்த காலம், கஞ்சிக்கு மரவள்ளி மாவுதான். அதை வடிகட்டாமல் போட்டால் துணியில் வெள்ளைக் கட்டியாய் ஒட்டும். டிரெஸருடைய கால்சட்டையில் பெட்டி வடிவத்திலேயே ஒரு பழுப்புத் தழும்பு விழுந்ததாம். ராமாத்தாள் அதை மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கமலவேணிக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி வெயிலில், அவன் கேட்டில் வந்து இறங்கினான். தங்கையா அவன் மூட்டையை அவிழ்த்து உதறினான். உள்ளே பள்ளிக்கூடத்து இன்னொரு டீச்சர் தன் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய பட்டுக்கரைச் சேலை. அது சுருண்டு பெஞ்சில் விழுந்தது. இருளாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பெட்டி அவள் கையில் சூடாக இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

“கொடு.”

“வேணாம்க்கா.”

“கல்யாண வீட்டுச் சேலைடா. உன் சண்டைக்கும் என் சண்டைக்கும் அந்தப் பொண்ணு என்ன செய்வா? கொடு.”

அவள் பெட்டி போட்டாள். அவன் நிழலில் குந்தி உட்கார்ந்தான். அவள் சேலையை மடிக்க ஆரம்பித்ததும் தரையைப் பார்த்துச் சொன்னான். “பழையபடி வந்துடவா?”

“பழையபடி முடியாது.”

அவன் எழுந்தான்.

“உக்காரு, பேசி முடிக்கல. பழையபடின்னா நீ மறுபடி சம்பளக்காரன், நான் மறுபடி தொட்டிக்குள்ள. அதனாலதானே இவ்வளவும். செலண்டார் பக்கம் ரெண்டு தோட்டத்துல கூப்பிடுறாங்க. நீ போய்ப் பிடி. அந்தப் பக்கத்து வருமானத்துல பாதி உனக்கு. மிதிக்கிறவனுக்குப் பங்கு இருக்கணும்னு எனக்கு முன்னாலேயே தோணியிருக்கணும், தோணல. ஆனா ஒண்ணு. சீட்டு கடை பேர்ல போகும். ஒரு வாரம் நீ போனா, ஒரு வாரம் நானும் கூட வருவேன். எந்த வீட்டுக்கும் உன்னை மட்டும் தெரியக் கூடாது. என்னை மட்டும் தெரியவும் கூடாது.”

“நம்பிக்கை இல்லையாக்கா?”

“இருந்துச்சு. அதை வச்சுத்தான் கேள்வியே கேக்காம இருந்தேன். இப்போ கேக்குறேன். அதுல உனக்கும் நல்லதுதான்.”

தங்கையா துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு, “ஒத்துக்குங்கண்ணே, எனக்கும் ஒரே மூட்டையா உதறலாம்” என்றான். இருளாண்டி அவனை முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான்.

ஐப்பசியில் பாஸ் வந்தது. கிராணி தானே கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டோவில் அவள் யாரையோ திட்டப் போகிறவள் மாதிரி இருந்தாள். தங்கையா அதை வாங்கிப் பார்த்து, ஆளையும் பார்த்து, கம்பியைத் தள்ளித் திறந்தான்.

கமலவேணி முதல் தடவையாக உள்ளே போனாள். இருளாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட நடந்தான். வரிசை வரிசையாய் வீடுகள், எல்லாம் ஒன்று போல இருந்தன. எது யார் வீடு என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொடியில் காய்கிற துணியைப் பார்த்தால்தான் பிடிபட்டது. “அது தோட்டத்து ஆளுங்களை வேலை வாங்குற கண்டக்டர் வீடுதானே? அந்தக் கோடு போட்ட சட்டை?” “ஆமாக்கா. அதுக்கு அடுத்தது டீச்சர் வீடு. டீச்சர் வீட்டுல முன்வாசல்ல கூப்பிடணும், பின்வாசல்ல வந்தா திட்டும். டிரெஸர் வீட்டுல பின்வாசல்.” அவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான், ஆறு வருஷத்து வழியை ஒளிக்காமல் சொன்னான். அவள் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தாள்.

பெரிய கிராணி வீட்டுப் படியில் ஒரு செவலை நாய் எழுந்து நின்று உறுமியது.

“கடிக்குமா?”

“என்னைக் கடிக்காதுக்கா. உங்களை அதுக்குத் தெரியாதே. மூட்டையைக் கொடுங்க, நான் போறேன்.”

கமலவேணி மூட்டையைக் கொடுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்து, கையைத் தாழ்த்தி நீட்டினாள். நாய் உறுமலை விடாமலே படியிறங்கி வந்து, சோப்பும் நீலமும் கரியும் மணக்கிற அந்தக் கையை மோந்து பார்க்க ஆரம்பித்தது.

“அசையாம நில்லுங்க” என்றான் இருளாண்டி.

“நிக்கிறேன்” என்றாள் அவள்.